புலி ஆற்றுக்குச் சாட்சி சொல்லாது

கேள்வி: ஐயா, முதுகலை உயிரியல் முடித்துவிட்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் எட்டு மாதமாகக் களப்பணியில் இருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கிளையாற்றின் குறுக்கே அணை கட்டி, சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கீழே பவர் ஹவுஸுக்குக் கொண்டுபோகும் திட்டம். மாலை நேர மின்தேவைக்காக ஓட்டப்போகிறார்கள். அணைக்கும் பவர் ஹவுஸுக்கும் இடையில் ஒன்பது கிலோமீட்டர் ஆறு. நடுவில் ஓர் அருவி. அறிக்கைக்கு ஐந்து 'இண்டிகேட்டர் ஸ்பீஷீஸ்', அதாவது ஆற்றின் நிலை மாறுவதைக் காட்டிக்கொடுக்கும் சுட்டி இனங்கள், தரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய அறிக்கை ஒன்றில் இருந்த பட்டியல்: புலி, யானை, மலை இருவாட்சி, நீர்நாய், மகசீர் மீன். அதையே போடு என்கிறார் மூத்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூச்சி, புழு என்று எழுதினால் கமிட்டியில் சிரிப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படி நியாயப்படுத்துவது? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பி,

சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நானும் வாங்கியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் கல்லுக்கு அடியில் வாழும் பூச்சியின் படத்தைத் திரையில் போட்டபோது, "இதுக்காகவா சார் அணையை நிறுத்தணும்?" என்று ஒருவர் கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை, அணை ஆற்றை என்ன செய்கிறது என்று இந்தப் பூச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரிப்பு நின்றதா என்றால் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி ஷட்டரை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதைப் பற்றி வந்தது. அது போதும்.

உங்கள் மூத்தவர் தந்த பட்டியல் நாட்காட்டிக்கு நன்றாக இருக்கும். ஆறு வற்றினால் புலி அடுத்த ஓடையில் தண்ணீர் குடித்துக்கொள்ளும். யானை இரவோடு இரவாக மலை தாண்டிப் போய்விடும். இரண்டும் இருப்பதும் இல்லாததும் வேட்டை, வலசைப் பாதை, தீவனம், எஸ்டேட் வேலி என நூறு காரணங்களைப் பொறுத்தது. அணை கட்டிப் பத்து வருடம் கழித்துப் புலி எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அணைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றை அறிக்கையிலிருந்து தூக்கச் சொல்லவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்குகளுக்கென்று தனி அத்தியாயம் வேண்டும், அங்கே எழுதுங்கள். காப்பாற்ற வேண்டிய உயிர் வேறு, நடந்ததைச் சொல்லும் உயிர் வேறு. சில நேரம் இரண்டும் ஒன்றாக அமையும். அது அதிர்ஷ்டம்.

இந்தக் குழப்பம் கேரளத்துச் சைலண்ட் வேலியிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். 1970-களில் குந்திப்புழையில் நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டபோது, அதை எதிர்த்தவர்களின் முகமாக நின்றது சோலைமந்தி. திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவானது. அந்தக் குரங்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அது மர உச்சியில் வாழ்வது. வெடிப்பலா பழுத்தால் அங்கே இருக்கும். நீர்த்தேக்கம் காட்டை மூழ்கடித்து மரக்கிளைத் தொடர்ச்சி அறுந்தால் அதைப் பற்றி அது சொல்லும். அதையும் முழுதாக நம்ப முடியாது: வால்பாறை புதுத்தோட்டத்தில் துண்டுக் காட்டில் மாட்டிக்கொண்ட சோலைமந்திகள் வீட்டுக் கூரைமேல் நடந்து, சாலையைக் கடந்து பிழைத்துக்கொண்டிருக்கின்றன. அணைக்குக் கீழே ஆற்றில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான கதை. டென்னசி மாநிலத்தில் டெல்லிகோ அணை கட்டிக்கொண்டிருந்தபோது, 1973-இல் ஸ்னெயில் டார்ட்டர் என்ற விரல் நீள மீனைக் கண்டுபிடித்தார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றமே அணையை நிறுத்தியது. மறு வருடம் நாடாளுமன்றம் விலக்கு அளிக்க, அணையின் மதகுகளை மூடித் தண்ணீரைத் தேக்கினார்கள். வேறு ஆறுகளில் கொண்டுவிடப்பட்ட மீன் பிழைத்து, 2022-இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்தே நீங்கியது. 2025-இல் வந்த ஆய்வோ, அது தனி இனமே இல்லை, ஏற்கெனவே தெரிந்த வேறொரு மீனின் கிழக்குப் பகுதிக் கூட்டம்தான் என்கிறது. அரிதான ஓர் உயிரின் தலையில் முழு வழக்கையும் ஏற்றினால், அந்த உயிரின் பெயர் மாறியதும் வழக்கும் தள்ளாடும்.

ஆகவே பட்டியலை மூடிவைத்துவிட்டு, உங்கள் அணை ஆற்றை என்னென்ன செய்யப்போகிறது என்று முதலில் எழுதுங்கள். அணைக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் நிற்கும் தண்ணீராகும். சுவர், மேலே போவதையும் கீழே வருவதையும் மறிக்கும். ஒன்பது கிலோமீட்டர் ஆறு காயும். பவர் ஹவுஸுக்குக் கீழே தண்ணீர் தினமும் ஏறி இறங்கும். ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர் குளிர்ந்தும், சில மாதங்களில் ஆக்ஸிஜன் குறைந்தும் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராக, இதில் முதலில் அடிபடுவது யார் என்று கேளுங்கள். அடிபடுபவர் எண்ணும் அளவுக்கு நிறைய இருக்க வேண்டும். ஓடிப்போக முடியாதவராக இருக்க வேண்டும். கெட்டால் கூடுவாரா குறைவாரா என்று முன்கூட்டியே நீங்கள் எழுதிவைக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நம் அறிக்கைகள் விட்டுவிடுகின்றன.

பவர் ஹவுஸுக்குக் கீழே உள்ள பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டம் மாலை மின்தேவைக்காக ஓடப்போகிறது. நாளைக் காலை ஆற்றுக்குப் போங்கள். முழங்கால் ஆழத்தில், தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில், இரண்டு கையாலும் தூக்கும் அளவு ஒரு கல்லை எடுத்துத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. நாலைந்து நொடியில் கல்லே நகர்வதுபோல் இருக்கும். சப்பையான உடம்போடு, மூன்று வாலோடு, நண்டுபோல் பக்கவாட்டில் ஓடுகிறதே, அது மேஃப்ளையின் இளம்பருவம். இரண்டு வாலோடு பருமனாக இருப்பது ஸ்டோன்ஃப்ளை. வாலை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள், மேஃப்ளையிலும் இரண்டு வால்காரர்கள் உண்டு. வயிற்றின் இரு பக்கமும் இலைபோல் செவுள் ஆடுகிறதா, கால் நுனியில் நகம் ஒன்றா இரண்டா என்று லென்ஸில் பாருங்கள். ஒரே நகம் என்றால் மேஃப்ளை. கல்லில் மணல் துகள்களைக் கோத்துக் குழல்போல் கட்டி ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது கேடிஸ் பூச்சியின் புழு. இந்த மூன்று கூட்டமும் ஓடும் தண்ணீரையும் அதில் கரைந்த ஆக்ஸிஜனையும் நம்பிப் பிழைப்பவை. பிறகு ஏற்கெனவே இயங்கும் ஏதாவது ஒரு பவர் ஹவுஸுக்குக் கீழே போய் அதே அளவு கல்லைத் திருப்புங்கள். பச்சை வழவழப்பும், அதற்குள் நெளியும் சிவப்புப் புழுக்களும்தான் பெரும்பாலும் இருக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் வாங்கும் ரத்தப்புழுவின் உறவுதான் அது. ஆக்ஸிஜன் குறைந்தாலும் அது தாங்கும்.

பூச்சிகள் ஏன் போயின என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் கொலராடோ ஆற்றிலிருந்து வந்தது. 1963-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணைக்குக் கீழே இந்த மூன்று கூட்டமும் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தன. குளிர்ந்த தண்ணீர்தான் காரணம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஆற்றில் படகில் போகும் வழிகாட்டிகளும் பயணிகளும் இரவில் தங்கும் இடத்தில் ஒரு சிறிய விளக்கையும் ஆல்கஹால் ஊற்றிய டப்பாவையும் கரையில் வைத்துப் பூச்சி பிடித்துக் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் சேர்ந்த அந்த டப்பாக்களிலிருந்து 2016-இல் விடை வந்தது: இந்தப் பூச்சிகளில் பல, தண்ணீர் விளிம்பில் கல்லில் முட்டையை ஒட்டுகின்றன. மின்சாரத்துக்காக மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் ஒட்டினால், மட்டம் இறங்கியதும் முட்டை வெயிலில் காய்ந்துவிடும். அணையிலிருந்து புறப்பட்ட அலை ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்வதால், அந்தி வேளையில் மட்டம் தாழ்ந்திருந்த இடங்களில் சிறு பூச்சிகள் அதிகம் கிடைத்தன. அணை எப்போது திறக்கிறது என்ற கடிகாரம் பூச்சிக் கணக்கில் தெரிந்தது. 2018 முதல் சில வருடங்கள், மே முதல் ஆகஸ்ட் வரை வார இறுதிகளில் தண்ணீரை ஏற்ற இறக்கமின்றித் தாழ்வாக விட்டுப் பார்த்தார்கள். பூச்சிகளுக்கு இரண்டு நாள் விடுமுறை. முதல் வருடமே கேடிஸ் பூச்சிகள் கூடின.

கமிட்டியில் சிரிப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நல்ல சுட்டி இனம் 'கெட்டுப்போச்சு' என்பதோடு நிற்காது, எந்த நேரத்தில் எதை மாற்றினால் சரியாகும் என்பதையும் காட்டும். புலியிடமிருந்து ஷட்டர் நேரத்துக்கு யோசனை வராது.

அடுத்து, காயப்போகும் ஒன்பது கிலோமீட்டர். இங்கே என் தேர்வு மலை ஓடைகளில் பாறையோடு ஒட்டி வாழும் சிறு மீன்கள். பவானியா என்று ஒரு பேரினமே இருக்கிறது. நீலகிரி அடிவாரத்துப் பவானி ஆற்றின் பெயரை 1920-இல் சூட்டினார்கள். நம்ம அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். தட்டையான வயிறு, இரு பக்கமும் விசிறிபோல் விரிந்த துடுப்பு. வேகமாக ஓடும் தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். வேகம் குறைந்து வண்டல் படிந்தால் அதற்கு இடமில்லை. மடுவில் நின்று பிழைக்கத் தெரியாத மீன் இது. அதனால்தான் நமக்குத் தேவை. காய்ந்த ஆற்றிலும் மடுக்கள் இருக்கும், மடுவில் கெண்டை இருக்கும், 'மீன் வளம் உள்ளது' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். சலசலக்கும் இடத்து மீனைத் தனியாக எண்ணுங்கள்.

கூடவே ஒரு தாவரம். போடோஸ்டெமேசியே குடும்பம், கல்லூரியில் பெயர் கேட்டிருப்பீர்கள். பாறையில் ஒட்டிய பாசி மாதிரி இருக்கும், ஆனால் பூக்கும் செடி. மழைக்காலம் முழுக்க வெள்ளத்துக்கு அடியில் வளர்ந்து, தண்ணீர் வடிந்து பாறை வெளியே தெரியும்போது பூத்துக் காய்த்து விதை போடும். வருடத்துக்கு ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும் ஆற்றுக்காகவே படைத்தது போன்ற வாழ்க்கை. தினம் ஏறி இறங்கினாலும் வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் நின்றாலும் அதன் கணக்கு தப்பிவிடும். ஓடிப்போகவும் முடியாது. மழை முடிந்த வாரங்களில் அருவிக்கு மேலே உள்ள பாறைகளில் தேடுங்கள்.

அருவி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவசரமாகப் போங்கள். தான்சானியாவில் கிஹான்சி அருவியின் சாரலில், இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத ஈரத்தில், கட்டைவிரல் நகத்தில் உட்காரும் மஞ்சள் தேரை ஒன்று வாழ்ந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் தேரை. 1996-இல்தான் கண்டுபிடித்தார்கள், அதற்குள் நீர்மின் திட்டம் முடிவாகியிருந்தது. ஆற்றின் பெரும்பகுதித் தண்ணீர் சுரங்கத்துக்குப் போனதும் சாரல் நின்றது. செயற்கைச் சாரலுக்குக் குழாய் போட்டுத் தெளித்தார்கள். சில வருடம் தாங்கியது. 2003-இல் திடீரென்று சரிந்தது. தெளிப்பான்கள் நின்றதாலா, அணை வண்டலைக் கழுவிவிட்டபோது கூடவே வந்த பூச்சிமருந்தாலா, தேரைகளைத் தாக்கும் பூஞ்சையாலா? மூன்றுமே சந்தேகிக்கப்பட்டன. 2009-இல் இயற்கையில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். முன்பே அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோன ஐந்நூறு தேரைகளின் வாரிசுகளை 2012 முதல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் அருவியிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று சொல்லவில்லை. சாரல் படும் பாறையின் தவளை, பாசி, ஊசித்தட்டான்களைத் தண்ணீர் போவதற்கு முன்னாலேயே எண்ணிவைக்க வேண்டும் என்கிறேன். காரணம் ஒன்றுக்கு மூன்றாகக் குழம்பும் நாள் வந்தால், அந்த எண்ணிக்கை ஒன்றுதான் கையில் இருக்கும்.

சுவரைப் பற்றி. மகசீரைப் பட்டியலில் பார்த்ததும் என் பழைய தவறு நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் அணைக்குக் கீழே மடுவில் மகசீர் எண்ணினேன். பெரிய பெரிய மீன்கள், கூட்டம் கூட்டமாக. 'நிலை நன்று' என்று குறித்துக்கொண்டேன். பரிசல் தள்ளிய பெரியவர் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெருசு பெருசாத்தானுங்க இருக்குது. குஞ்சு ஒண்ணாச்சும் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. மழைத் தண்ணீரோடு மேலேறி முட்டையிடப் போக வேண்டியவை சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தன. நீண்ட காலம் வாழும் மீன் அது. இனப்பெருக்கம் நின்ற பிறகும் பல வருடம் 'இருக்கிறது' என்றே கணக்கில் வரும். காவிரிப் படுகையில் மட்டும் உள்ள திமில் மகசீர் உங்கள் ஆற்றில் இருந்தால் அது மிக அருகிய இனம், பாதுகாப்பு அத்தியாயத்தில் முதலிடம் கொடுங்கள். சுட்டி இனமாக வைப்பதென்றால் பெரிய மீனை எண்ணாதீர்கள். மழைக்குப் பிறகு ஓரத்து ஆழமற்ற தண்ணீரில் விரல் நீளக் குஞ்சுகளை, அணைக்கு மேலேயும் கீழேயும் எண்ணுங்கள்.

விலாங்கு போடலாமா என்று கேட்பீர்கள். கடலில் பிறந்து ஆறேறி வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடும் மீன், சுவருக்கு அதைவிடச் சாட்சி உண்டா என்று தோன்றும். ஆனால் உங்கள் கிளையாறு மேட்டூருக்கு மேலே காவிரியில் சேர்வதானால் கீழே மேட்டூர் அணை 1934 முதல் நிற்கிறது. பவானி வழியென்றால் பவானிசாகர் அணை நிற்கிறது. அங்கே மறித்ததை உங்கள் அணையின் கணக்கில் எழுத முடியாது. கடல்வரை திறந்திருக்கும் ஆறாக இருந்தால் மட்டும் போடுங்கள். மீனுக்கு வாலும் பாம்புக்குத் தலையும் காட்டுகிற வேலையை நம் அறிக்கைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன, விலாங்கு வேறு எதற்கு?

நீர்த்தேக்கத்தில் எதைப் பார்ப்பது? இங்கே கூடுவதுதான் செய்தி. ஜிலேபி கெண்டையும் சாதாக் கெண்டையும் வந்து சேரும், நீர்க்காகம் பெருகும். பறவை கூடியதைப் 'பல்லுயிர் வளம் உயர்வு' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. கர்நாடகத்தில் பத்ரா நீர்த்தேக்கத்துத் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன; பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் ஆற்றுத் திட்டில் முட்டையிட வேண்டிய பறவை தேக்கத்துக்கு வந்திருக்கிறது என்பதையும் அந்தக் காட்சி சொல்கிறது. எனவே ஜிலேபி கெண்டை எத்தனை சதவீதம் என்பதையே ஒரு சுட்டியாக, 'கூடினால் மோசம்' என்று குறித்து வையுங்கள். நீர்நாயைத் தள்ள வேண்டாம். எச்சத்தில் நண்டின் ஓடும் மீனின் செதிலும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பருவத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஐந்தில் ஒன்றாக அல்ல, துணைக்கு.

இவ்வளவும் செய்தாலும் ஒப்பிட இன்னோர் ஆறு இல்லாவிட்டால் வீண். பக்கத்துப் பள்ளத்தாக்கில், அதே உயரத்தில், அணை வராத ஓர் ஓடையைப் பிடியுங்கள். உங்கள் ஆற்றில் பூச்சி குறைந்த வருடம் அங்கேயும் குறைந்திருந்தால் அது மழை பொய்த்ததன் விளைவு. இங்கே மட்டும் குறைந்தால் பேசலாம். உங்கள் ஆற்றில் குறைந்தது நான்கு இடம்: அணைக்கு மேலே, காயப்போகும் நீளத்தில், பவர் ஹவுஸ் தண்ணீர் வெளியே வரும் வாயை ஒட்டி, அதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. எங்கும் ஒரே வலை, ஒரே நேர அளவு, முடிந்தால் ஒரே ஆள். மூன்று பருவம் பார்க்கச் சொல்லும் விதி இருக்கிறது. மழைக்காலப் பருவத்தைத்தான் எல்லாரும் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வெள்ளத்தில் இறங்கவும் வேண்டாம். முதல் மழைக்கு முன்னும் வெள்ளம் வடிந்த உடனும் எடுங்கள். பூச்சியை இனம்வரை பெயர் சொல்ல முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், குடும்பம்வரை பிரித்தால் இந்த வேலைக்குப் போதும். பெயர் தவறாக எழுதுவதைவிட அது மேல்.

மூத்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது உயிரியல் கேள்வி இல்லை, ஆனாலும் சொல்கிறேன். செலவைச் சொல்லுங்கள். புலிக்குக் கேமரா வைப்பதற்கு ஆகும் காசில் கால்வாசிகூட வலைக்கும் வெள்ளைத் தட்டுக்கும் ஆல்கஹால் பாட்டிலுக்கும் ஆகாது. இன்னொன்று, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று இப்போது மழைக்காலத்தில் 30 சதவீதம், வறண்ட மாதங்களில் 20, இடைப்பட்ட மாதங்களில் 20 முதல் 25 என்று நிபந்தனை போடுகிறார்கள். அந்த 20 சதவீதம் இந்த ஆற்றுக்குப் போதுமா என்று கமிட்டியில் யாராவது கேட்டால், யானையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பாறை ஒட்டும் மீனின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாம். அதைக் கேட்டதும் அவர் யோசிப்பார். யோசிக்கவில்லை என்றால், அவருடைய ஐந்தைப் பாதுகாப்பு அத்தியாயத்தில் அப்படியே வைத்துவிட்டு, உங்கள் ஐந்தைக் கண்காணிப்புத் திட்டம் என்ற தலைப்பில் போடுங்கள்: கல்லடிப் பூச்சிகள் மூன்று கூட்டமும் ஒன்றாக, பாறை ஒட்டும் மீன், பாறைமேல் பூக்கும் அந்தச் செடி, மகசீர் குஞ்சு, ஜிலேபி கெண்டை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த மாற்றத்துக்காக, கூடுமா குறையுமா, எவ்வளவு மாறினால் அணை நடத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் எதிர்ப்பு வரும், பூச்சிக்கு அல்ல. தயாராக இருங்கள்.

பத்து கல் திருப்பியதும், ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கத்தையும் அளவுக்கு ஒரு நாணயம் வைத்துப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எடுத்த கல்லை அதே குழியில், அதே பக்கம் கீழே வரும்படி வைத்துவிட்டு வாருங்கள்.